வலப்பக்கத்து அருவி

என் இடது காது அழகுக்கு மட்டும்தான். வருடக்கணக்கில் சாவி வெட்டும் மெஷினுக்கு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், அது ஒருநாள் சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டது. மூக்குக்கண்ணாடி மாட்ட ஒரு கொக்கி வேண்டுமே என்று இன்னும் வைத்திருக்கிறேன். என்னையும் என் அக்காவையும் தவிர இது யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒற்றைக் காதோடு இருப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. சத்தம் கேட்கும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. உலகத்தின் எல்லாச் சத்தமும் எனக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். இடப்பக்கம் நின்று கூப்பிடுகிறவரை வலப்பக்கம் தேடிவிட்டு, யாரும் இல்லையே என்று நடையைக் கட்டுவேன். இதனால் எங்கள் தெருவில் எனக்குத் திமிர் பிடித்தவன் என்று ஒரு பெயர். செவிடன் என்பதைவிட அது கௌரவமாகத் தெரிந்ததால் நானும் மறுக்கவில்லை.

என் கடைக்குள் இரண்டு பேர் வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். வாசலுக்கு மேலே தகரத்தைப் பெட்டிபோல மடித்துச் செய்த இரண்டு பெரிய எழுத்துகள்: 'சாவி'. அதில் 'வி'யின் மேல் வளைவுக்குள் ஒரு ஜோடிக் குருவி கூடு கட்டியிருந்தது. வாடகை கிடையாது. வைக்கோலும் நூலும் அவ்வப்போது வாடிக்கையாளர் தலையில் விழும்.

எதிர்க்கடை மருந்துக்கடை. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவரைத் தெருவே மாத்திரை மேடம் என்றுதான் கூப்பிடும். கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை நறுக்கிக்கொண்டே "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று அவர் சொல்லும் தொனியில், சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுவிடலாமா என்ற எண்ணமே எவருக்கும் வராது. கல்யாணம் என்ற மருந்தை ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்டவர். எனக்கோ அந்த மருந்தை யாரும் எழுதியே தரவில்லை. தலை நரைத்ததுதான் மிச்சம்.

மத்தியானம் இரண்டு கடைகளும் தூங்கி வழியும் நேரத்தில் அவர் தெருவைத் தாண்டி வருவார். என் கடை வாசலில் நின்று டீ குடிப்போம். மேலே குருவிகளைப் பார்ப்போம்.

"அந்த ஆம்பளைக் குருவி சரியான சோம்பேறி சார். நாலு நூல் கொண்டுவந்துட்டு நாள் பூரா ஓய்வெடுக்குது."

"அது யோசிக்குது மேடம். பெரிய வேலை பாக்குறவங்க யோசிப்பாங்க."

"நீங்களும் அப்படித்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கீங்க போல" என்றார் ஒருநாள், டீயைப் பார்த்துக்கொண்டே.

அதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவு நாள் யோசிப்பான்? அடுத்த வாரம், வராத தலைவலிக்கு மாத்திரை வாங்கும் சாக்கில் மருந்துக்கடைக்குப் போனேன். வெளியே தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மருந்து ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. "மேடம், மிச்ச காலத்துக்கு நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

கத்தரிக்கோல் நின்றது. அதே நேரம் பார்த்து இருமிக்கொண்டே ஒருவர் உள்ளே வந்தார். மேடம் தலையைக் குனிந்து மாத்திரையை உறையில் போட்டு என் பக்கம் தள்ளிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"அருவிகிட்ட வச்சுச் சொல்றேன்."

தோண்டும் மெஷின், ஃப்ரிட்ஜ், இருமல் மூன்றையும் தாண்டி அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு வந்த என் வலது காதை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். அக்கா கரண்டியோடு திரும்பினாள்.

"அருவியா? டேய், மாடிப்படி ஏறினாலே உனக்கு நாக்கு வெளிய வந்துடும்."

"பதிலை அங்கதான் சொல்லுவாங்களாம்."

"ஏன், போன்ல சொல்லக் கூடாதா?"

"போன்ல சொல்ற விஷயமா இது?"

"அதுவும் சரிதான். ரெண்டு முட்டை அவிச்சுத் தர்றேன், எடுத்துட்டுப் போ. வேணும்னு சொன்னா ஆளுக்கு ஒண்ணு. வேணாம்னு சொன்னா நீயே ரெண்டையும் தின்னுட்டு வா."

மறுநாள் தெரு தோண்டலில் டீ நின்றுபோனதால், கடை மூடும் நேரத்தில் மேடத்திடம், "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அருவிக்குப் போலாமா?" என்றேன். அவர் கண்கள் விரிந்தன. இவ்வளவு சீக்கிரம் ஏற்பாடு செய்துவிட்டானே என்ற ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டேன். "போலாமே" என்றார்.

*

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரப்பலகை. 'அருவி' என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். எவ்வளவு தூரம் என்று எழுதிய இடத்தை மட்டும் பூஞ்சணம் தின்றிருந்தது. தின்னத் தெரிந்த பூஞ்சணம்.

"ரொம்ப தூரமா சார்?"

"பக்கம்தான்" என்றேன். அந்த மலையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

சிறிது நேரத்தில், ஈரத் தலையோடு ஒருவர் மேலேயிருந்து இறங்கி வந்தார். "இதோ, பத்து நிமிஷம்தாங்க" என்றார். என் சட்டை முழுக்க வியர்வையில் நனையும்வரை ஏறிய பிறகு, ஈரச் செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் இறங்கி வந்தாள். "பத்து நிமிஷம்" என்றாள். அதற்கும் வெகுநேரம் கழித்து ஒரு குடும்பம். அவர்களும் பத்து நிமிஷம். அருவிக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கடையில் கடிகாரம் வாங்கியிருந்தார்கள்.

பிறகு ஆள் நடமாட்டம் குறைந்தது. பனி இறங்கியது. மரங்களின் தலைகள் காணாமல் போயின. அடிமரங்கள் மட்டும், யாருக்காகவோ காத்திருப்பவர்களின் கால்களைப் போல, வரிசையாக நின்றன. உதிர்ந்த இலைகள் நனைந்து மெத்தையாகிக் கிடந்ததால் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. நடக்கிறோமா, நின்ற இடத்திலேயே இருக்க மலை எங்களைக் கடந்து போகிறதா என்று தெரியாத ஒரு நடை.

பாதையோரம் பெரணிச் செடிகள். இலை ஓரம் முழுக்கப் பல். பழக்கதோஷத்தில் ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

"எந்த வீட்டுச் சாவி சார் அது?"

"பூட்டு இன்னும் கிடைக்கல மேடம்."

அவர் சிரித்தார். பனிக்குள் அந்தச் சிரிப்பு எங்கோ போய்ச் சுற்றிவிட்டு வந்ததுபோல் இருந்தது. பதிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்கிற இடம்தான் முடிவாகிவிட்டதே.

"கேக்குதா?" என்று சட்டென்று நின்றார்.

"ம், கேக்குது" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகுதான் கேட்டது. யாரோ மிகப் பெரிய துணி ஒன்றை ஓயாமல் உதறுவதுபோல ஒரு சத்தம், வலப்பக்கத்திலிருந்து. பாதை வளைந்து திரும்பியது. அருவியும் கூடவே திரும்பி, மறுபடி என் வலப்பக்கம் வந்து நின்றது. இன்னொரு வளைவு. அப்போதும் வலப்பக்கம். ஊரில் எல்லாரும் அருவியைத் தேடிப் போவார்கள். எனக்கு மட்டும் ஓர் அருவி, மரங்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து, கூடவே நடந்து வந்தது.

ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பலகை இல்லை.

"வலப்பக்கம்தான் மேடம்" என்றேன் அடித்துச் சொல்லி. "சத்தம் அங்கேருந்துதான் வருது."

டாக்டரின் கிறுக்கல் எழுத்தைப் படிக்கும்போது மேடம் முகத்தில் ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையால் என்னை ஒரு நொடி பார்த்தார். இடப்பக்கப் பாதையையும் பார்த்தார். "சரி, வாங்க" என்று வலப்பக்கம் திரும்பினார்.

வழி தவறித்தான் போனோம், வேறென்ன? பாதை மெலிந்து, ஒரு கோடாகி, கோடும் புல்லுக்குள் போய்த் தொலைந்தது. அருவியின் சத்தம் நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் அந்தக் குட்டையைப் பார்த்தோம்.

மரங்கள் சற்று விலகி நின்று நடுவில் வைத்துக் காத்ததுபோல, ஓர் அறை அளவுக்குத் தண்ணீர். அசையாத தண்ணீர். மேலேயிருந்து ஒரு பழுத்த இலை சுழன்று இறங்கியது. தண்ணீருக்குள்ளிருந்து இன்னோர் இலை அதைச் சந்திக்க எழும்பி வந்தது. இரண்டும் தொட்டுக்கொண்டதும் ஒன்றாகிவிட்டன. நாங்கள் காலடி வைத்ததில், புல்லுக்குள் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் எழுந்து, அவசரமே இல்லாமல், பனியோடு பனியாகக் கரைந்தன.

"இங்க யாருமே வந்ததில்ல போலிருக்கு" என்றார் மேடம், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"வழி தெரிஞ்சவன் எவனாவது இங்க வருவானா மேடம்?"

ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அவர் என் வலப்பக்கம். பையைத் திறந்து முட்டைகளை எடுத்தேன். பதில் வருவதற்கு முன்பே ஆளுக்கு ஒன்று கொடுப்பது அக்காவின் சட்டத்துக்கு விரோதம்தான். ஆனால் அந்த இடத்துக்கு எந்தச் சட்டமும் வந்துசேர வழியில்லை. கொடுத்தேன். அவர் மெல்ல ஓட்டை உரித்துப் பாதியைக் கடித்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பதில் தெரியாதவரை இரண்டு பதிலும் என்னுடையதுதான். அருவியை யாராவது கொஞ்ச நாள் மூடி வைக்கக் கூடாதா?

"கிளம்பலாமா சார்? அருவி இந்தப் பக்கம்" என்றார் அவர், வந்த வழியைக் காட்டி. எழுந்தேன்.

*

அருவியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் ஈரம் முகத்தில் வந்து ஒட்டியது. கடைசி வளைவில் மரங்கள் முடிந்தன. வெள்ளையாக ஒன்று மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் அது விழுவதாகவே தெரியவில்லை; விழலாமா என்று ஒரு கணம் யோசித்து, சரி என்று கையை விடுவதுபோல இருந்தது. நடுவழியில் புகையானது. கீழே வந்ததும் இடியானது.

அந்த இரைச்சலில் என் வலது காதும் கைவிட்டது. ஒன்றுமே கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். நின்றிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள், கையைக் காதில் குவித்து "என்னது? என்னது?" என்று ஜாடை காட்டினார்கள். அங்கே எல்லாருமே செவிடர்கள். வாழ்க்கையில் வெகுகாலத்துக்குப் பிறகு நான் எல்லாரையும்போல இருந்தேன்.

பாறை வலப்பக்கம் வழுக்கலாக இருந்ததால் மேடம் என் இடப்பக்கம் வந்து நின்றார். சாரலில் இருவரும் நனைந்துபோனோம். அவர் முகமெல்லாம் தண்ணீர்த் துளிகள். அப்போதுதான் என் பக்கம் திரும்பி, ஏதோ சொன்னார்.

உதடுகளை உற்றுப் பார்த்தேன். காற்று ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு வந்து கொடுத்தது: "…வேணு…" என் இதயம் அருவிக்கு மேலே ஏறியது. உடனே இன்னொரு துண்டு: "…வேணா…" இதயம் அருவியோடு சேர்ந்து கீழே விழுந்தது.

வேணும் என்பதற்கும் வேணாம் என்பதற்கும் நடுவில் இருப்பது ஓர் எழுத்து. நம் ஆட்கள் வேறு எங்காவது சிக்கனம் பிடித்திருக்கலாம். ஒருவன் பிழைப்பதும் தொலைவதும் தொங்கும் இடத்திலா?

எது வந்தாலும் மரியாதையாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று, கண் கலங்க, மெல்லத் தலையை ஆட்டினேன். அவர் ஒரு கணம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தோளில் போர்த்தினார்.

ஆறுதலா, வரவேற்பா?

இறங்கும் வழியெல்லாம் அந்தத் துண்டையே ஆராய்ந்துகொண்டு வந்தேன். வேணாம் என்றால் துண்டு எதற்கு? வேணும் என்றால் துண்டோடு ஏன் நிறுத்தினார்? நீல நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. அதில் ஒரு தகவலும் இல்லை. பனி கலைந்து, ஏறும்போது மறைந்திருந்த மரத் தலைகள் எல்லாம் திரும்பி வந்து என்னையே குனிந்து பார்த்தன. ஏறி வந்துகொண்டிருந்த ஒரு கூட்டம், "அங்கிள், இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டது.

"பத்து நிமிஷம்" என்றேன். நானும் அந்தக் கடிகாரத்தை வாங்கியாயிற்று.

*

பஸ்ஸில் இடப்பக்க வரிசையில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. "நீங்க ஜன்னல் பக்கம் போங்க" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு அவர் என் வலப்பக்கம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.

"இப்ப கேக்குதா?" என்றார்.

"என்னது மேடம்?"

"நான் பேசுறது. இந்தக் காதுதானே வேலை செய்யுது?"

ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். கம்பி போட்டிருந்தது. "எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பி வச்சுக்கிட்டுப் பேசுவீங்க. என்னைப் பாக்கவே பிடிக்கலயோன்னு முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, நீங்க முகத்தைத் திருப்பல, காதைக் காட்டுறீங்கன்னு. தினமும் டீ குடிக்கும்போது நான் எந்தப் பக்கம் நிக்குறேன்?"

யோசித்தேன். வலப்பக்கம். மழைநாளில், கூரை இல்லாத பக்கமாக இருந்தும், வலப்பக்கம்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "அப்படின்னா இதையும் சொல்லிடுறேன். அருவிகிட்ட நீங்க சொன்ன பதில் எனக்குக் கேக்கல. வேணும்னு சொன்னீங்களா, வேணாம்னு சொன்னீங்களா?"

"நான் எங்க பதில் சொன்னேன்?"

"அங்கதான், பாறைமேல…"

"துண்டு வேணுமா, வேணாமான்னு கேட்டேன் சார்!" என்றார். "நீங்க கண்ணுல தண்ணியோட தலையாட்டுனீங்க. ஒரு துண்டுக்குப் போய் இந்த மனுஷன் இப்படி உருகுறாரேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அப்ப, அருவிகிட்ட வச்சுச் சொல்றேன்னு சொன்னது?"

"அருவியா?" அவர் என்னையே பார்த்தார். முகத்தில் ஏதோ மெல்ல உடைந்துகொண்டு வந்தது. "நான் எப்ப சார் அருவின்னு சொன்னேன்? குருவிகிட்ட வச்சுச் சொல்றேன்னு சொன்னேன். குருவி! கடையில ஆள் இருந்தாரு. எப்பவும் நாம நிக்கிற இடம் அதுதானேன்னு…"

மேற்கொண்டு பேச முடியாமல் அவர் சிரிக்க ஆரம்பித்தார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 'வி' மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது. முன்னால் இருந்ததை நானே போட்டு நிரப்பி, அதை நம்பி ஒரு மலையையே ஏறி இறங்கியிருக்கிறேன். நல்லவேளை, கல்வி என்று கேட்கவில்லை. ஏதாவது பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்திருப்பேன்.

"அருவின்னு நான் கூப்பிட்டப்ப, என்ன ஏதுன்னு கேக்காம எதுக்கு மேடம் வந்தீங்க?"

சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கூப்பிட்டீங்க. வந்தேன்."

"பதில் நாளைக்கு, குருவிகிட்ட" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை பின்னால் போய்விட்டது. ஆனாலும் வலப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸின் இன்ஜினாகவும் இருக்கலாம்.

வீட்டு வாசலிலேயே அக்கா கேட்டாள். "என்னடா சொன்னாங்க?"

"துண்டு குடுத்தாங்க."

"அப்படின்னா?"

"தெரியல. நாளைக்குக் குருவிகிட்ட வச்சுச் சொல்லுவாங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குக் காது மட்டும்தான் போச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன்."

*

மறுநாள் காலை மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்காமலே அவர் தெருவைத் தாண்டி வந்தார். நான் கடையைத் திறந்து, ஸ்டூலைத் துடைத்து, மெஷினைத் துடைத்து, துடைக்க வேறு எதுவும் இல்லாமல் பூட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுத்துக்குக் கீழே, என் வலப்பக்கம் வந்து நின்றார். மேலே 'வி'க்குள்ளிருந்து சோம்பேறி எட்டிப் பார்த்தது.

கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வீட்டு வாசல் சாவி. பார்த்ததும் தெரிந்துவிடும் எனக்கு.

"இதுக்கு ஒரு கள்ளச்சாவி வேணும்."

"யாருக்கு மேடம்?" குரல் எனக்கே கேட்கவில்லை.

"வெளிய நின்னு பெல் அடிச்சுட்டு, உள்ளேருந்து நான் 'வர்றேன்'னு சொல்றது காதுல விழாம, நின்னுக்கிட்டே இருப்பாரே ஒருத்தர். அவருக்கு."

கேட்டது. ஓர் எழுத்து சிந்தாமல் கேட்டது. இருந்தாலும் இவ்வளவு தூரம் மலையேறி வந்தவனுக்கு ஒரு உரிமை இருக்கிறது இல்லையா? தலையைச் சாய்த்து வலது காதை நீட்டினேன்.

"வேணுமா, வேணாமா? சரியா விழல."

அவர் குனிந்தார். "வேணு…ம்" என்றார், நடு எழுத்தை ஒரு தெரு நீளத்துக்கு இழுத்து.

மெஷின் சுவிட்சில் கை வைத்தேன். மேலே பார்த்தேன். மெஷினைப் போட்டால் குருவிகள் அலறி எழுந்து தெருக்கோடிக்குப் போய்விடும். திரும்பி வர மத்தியானம் ஆகும். கையை எடுத்துக்கொண்டேன். பல் வெட்டாத ஒரு புதுச் சாவியை வைஸின் பிடியில் இறுக்கி, அரத்தை எடுத்தேன்.

"கையாலயா? லேட்டாகுமே சார்."

"பத்து நிமிஷம்தான்" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிர்க்கடையில் யாரோ வந்து மூடிய ஷட்டரைத் தட்டிவிட்டுப் போனார்கள். பித்தளைத் தூள் ஒளியாக உதிர்ந்தது. அரம் உரசும் சத்தம், தூரத்து அருவிபோல, வலப்பக்கத்திலிருந்து வந்தது.